நாற்பத்து மூன்று நாள் மழை

புரட்டாசி 25, சனி

இந்த டைரி உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் காலண்டர், எனக்கு மட்டும் டைரி. "எழுத்துக்காரருக்குத்தான் இது லாயக்கு" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். (சொல்லவில்லை. ஆனால் அந்த அர்த்தத்தில் பார்த்தார்.) இத்தனை மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் வந்திருக்கிறது.

என் தங்கச்சி பூரணத்தின் மகள் மங்களேஸ்வரி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கடல் டாக்டர். கடல் வருடா வருடம் சூடாகிக்கொண்டே வருகிறதாம். அதனால் நம் பக்கத்து ஐப்பசி மழை எப்படி மாறிப்போயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்கு யாரைத் தேடி வர வேண்டும்? நொச்சியேந்தல் மழைமானியை இருபத்தொன்பது வருடம், தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் ஏற்றியவன் இந்த வழிவிட்டான். ஒருநாள் விட்டதில்லை. காய்ச்சல், கல்யாணம், தேர்தல், எதற்கும் விட்டதில்லை.

மேலே ஆபீசுக்கு மாசக் கூட்டுத்தொகைதான் போகும். அன்றாடக் கணக்கு நோட்டில்தான் இருக்கும். ஆபீஸ் இடம் மாறியபோது பழைய பேப்பர்காரன் அத்தனை நோட்டையும் சைக்கிளில் ஏற்றிவிட்டான். இரண்டு மைல் துரத்திப் பிடுங்கி வந்தேன். என் வீட்டுக்காரி குருவம்மா, தெருமுனை வரைக்கும்தான் துரத்தினேன் என்பாள். வாசலில் நின்றவளுக்கு அவ்வளவு தூரம்தானே தெரியும்.

பரணிலிருந்து இருபத்தொன்பது நோட்டையும் இறக்கினோம். மங்களேஸ்வரி ஒவ்வொன்றாகத் துடைத்து வருட வரிசையில் அடுக்கினாள். "மாமா, இது தங்கம்" என்றாள். இரண்டு மாதம் இங்கேயே தங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறாள்.

பதிமூன்றாவது நோட்டைப் பரணிலேயே விட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

கொல்லையில் மங்களேஸ்வரி புது மழைமானி நட்டாள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. நாற்பது பேர் இருக்கும். (பக்கத்து வீட்டு அன்னக்கொடி. அவள் ஆடு.)

"கடல் சூடானா மழை கூடத்தானேடி பெய்யணும்?" என்று குருவம்மா கேட்டாள். வெந்நீர்ப் பானையில் ஆவி கூடுதலாக வருவதைத்தான் தினம் பார்க்கிறாளே.

"ஆவி கூடத்தான் வரும் அத்தை. ஆனா காத்தும் சூடாயிருது. சூடான காத்து கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், லேசுல விடாது. நாள் கணக்கா சேத்து வச்சுட்டு, விடுறப்ப மொத்தமா கொட்டிரும்."

"சாக்கு பெருசாயிருச்சுங்கிற."

"அதேதான். முன்னாடி சின்னச் சாக்கு, அடிக்கடி அவுத்துக் கொட்டுச்சு. இப்பப் பெரிய சாக்கு. அது மட்டுமில்ல, நம்ம கடல் சூடா, ஆப்பிரிக்காப் பக்கத்துக் கடல் சூடாங்கிறதையும் பாக்கணும். சூடு எந்தப் பக்கம் கூடுதோ, மேகம் அந்தப் பக்கம் சாயும்."

நான் இதை முப்பது வருடத்துக்கு முன்பே ஓவர்சீயரிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். மங்களேஸ்வரி சிரித்தாள். பூரணத்துக்கு இருந்த அதே தெற்றுப்பல்.

புரட்டாசி 29, புதன்

மழை இல்லை. ஆட்டுக்குத் தழை ஒடித்தேன்.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

சொட்டு இல்லை. தீபாவளிக்கு மழை பெய்து வெடி நமத்துப்போகாத வருடத்தை நான் பார்த்ததே இல்லை. மங்களேஸ்வரி நோட்டைப் புரட்டி, "நாலு தடவை பாத்திருக்கீங்க மாமா, எல்லாம் கடைசிப் பத்து வருசத்துல" என்றாள். என்னைப் பற்றி என்னைவிட நோட்டுக்கு நன்றாகத் தெரிகிறது.

ஏழு நோட்டு முடித்துவிட்டாள். பின்னாலிருந்தும் ஐந்து. சாயந்திரம் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே கோடு கோடாக ஒரு படம் காட்டினாள். "தொடக்கத்துல ஐப்பசி கார்த்திகையில முப்பத்தாறு நாள் மழை. கடைசியில இருபது நாள்கூட இல்ல. ஆனா மொத்த அளவு பெருசாக் குறையல. அப்ப என்ன அர்த்தம்?"

"சாக்கு" என்றாள் குருவம்மா.

"அத்தைக்கே பட்டம் கொடுத்துரலாம். மாமா, இன்னொரு விசயம். புஸ்தகத்தோட மொதப் பக்கத்துல உங்க பேரைத்தான் போடப்போறேன். இருபத்தொன்பது வருசம் ஒருநாள் விடாம அளந்தவர்னு."

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பெழுத்து 'மு' என்பதை மட்டும் சொன்னேன். பிறகு கொட்டை எழுத்தா சின்ன எழுத்தா என்று கேட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

இன்று பதிமூன்றாவது நோட்டு.

நான் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "மாமா, இங்க வாங்களேன். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஏன்?"

"ஐப்பசி பதினாலுலேர்ந்து கார்த்திகை இருபத்தாறு வரைக்கும் தினமும் மழை. நாப்பத்து மூணு நாள். பன்னெண்டு, எட்டு, பத்து, பதினாலு. பூப்போல. இதுவரைக்கும் ஏத்துன நோட்டுல இப்படி ஒரு மழைக்காலமே இல்ல. அந்த வருசம் கடல் நல்ல சூடு மாமா, வறண்டு கிடந்து ஒரேடியாக் கொட்டியிருக்கணும்."

"அந்த வருசம் அப்படித்தான்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். காலையில் ஆறு மணிக்குப் பிடிக்கும், பத்து மணிக்கு விடும், வெயிலடிக்கும், மாலையில் மறுபடி தூறும், தவளைகூடச் சளிபிடித்துக் கத்தியது என்று சொன்னேன். அவள் அத்தனையும் எழுதிக்கொண்டாள்.

"ஆனா சேந்தன்வலசை மழைமானியில வேற மாதிரி இருக்கே. இங்கேர்ந்து அஞ்சு மைல்தான். அங்க ஒரு மாசம் பூச்சியம், கார்த்திகை இருபதுல மட்டும் நூத்தித் தொண்ணூறு."

"அங்கே அளந்தது மலைராசு. அவன் சோம்பேறி" என்றேன்.

முப்பது வருடமாக அவனை அப்படித்தான் சொல்லி வருகிறேன். அவன் முந்தி வேலைக்குச் சேர்ந்தான், அதனால்.

ஐப்பசி 10, திங்கள்

பல்வலி. மழை இல்லை. மங்களேஸ்வரி கேட்டதற்குப் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 16, ஞாயிறு

கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. புழுதியில் விதைத்தவர்களெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முளைத்த நெல் விரல் உயரத்தில் கருகுகிறது. என்னிடம் எப்போது பெய்யும் என்று ஏழு பேர் கேட்டார்கள். (ஏழு பேர்தான், இதில் கூட்டல் இல்லை.)

மங்களேஸ்வரி அந்த நாற்பத்து மூன்று நாளை விடமாட்டேன் என்கிறாள். அதற்கென்றே தனியாக ஒரு அத்தியாயம் எழுதுகிறாளாம். கடல் சூடாக இருந்தும் மழை ஏன் பழைய மாதிரி நிதானமாகப் பெய்தது என்பதற்குக் காரணம் தேடி, செயற்கைக்கோள் கணக்கையெல்லாம் இறக்கிப் பார்க்கிறாள். கண் சிவந்து கிடக்கிறது. குருவம்மா விளக்கெண்ணெய் வைத்துவிட்டாள்.

மத்தியானம் டீ கொண்டுபோனேன். நோட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை 26.

"இது அம்மா போன நாள் மாமா."

"ஆமா ஆத்தா."

"அன்னைக்கும் எட்டரை மணிக்கு அளந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கடமைன்னா கடமைதான்" என்றேன். வாயில் வந்துவிட்டது. எப்போதும் ஊரில் சொல்லுகிற மாதிரியே.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. பரமக்குடியில பெரியத்தை வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். வேன் வந்துச்சு. அம்மாவை இறக்குனாங்க, பின்னாடியே நீங்க இறங்குனீங்க. வழியில ஏறிக்கிட்டேன்னு யாருக்கிட்டயோ சொன்னீங்க." நோட்டை மூடினாள். "அம்மா நாப்பது நாளுக்கு மேல மதுரையில கிடந்தாங்க. உங்களைத் தேடியிருப்பாங்கன்னு நெனைப்பேன். சரி விடுங்க, அன்னைக்கு உங்க வேலை அப்படி."

டீயைக் குடிக்கவில்லை. ஆடை படிந்துவிட்டது. நான் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டேன். எங்களுக்கு ஆடு கிடையாது, அன்னக்கொடியின் ஆடுதான்.

ஐப்பசி 22, சனி

இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"பதிமூணாவது நோட்டுல கொஞ்சம் எலி கடிச்சிருக்கும் ஆத்தா."

"இல்லியே மாமா, அதுதான் ரொம்பச் சுத்தமா இருக்கு."

"அந்த வருசம் குடுவையில கீறல்."

"கீறல்னா எல்லா நாளும் தப்பா இருக்கணுமே?"

பிறகு அவளே என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள். யார் சந்தேகப்பட்டாலும் அவள் என் பக்கம் நிற்பாளாம். அவளுடைய புரொபசரிடமே, 'எங்க மாமா தங்கச்சி செத்த அன்னைக்குக்கூட அளந்தவரு சார்' என்று சொல்லிவிட்டாளாம்.

அடுப்படியில் குருவம்மா என்னைப் பிடித்தாள். குரலை இறக்கினால் அவளுக்குக் கோபம் அதிகம் என்று அர்த்தம்.

"புள்ள இல்லாத மழைக்குக் காரணம் தேடிக்கிட்டு இருக்கு. கண்ணு அவிஞ்சு போகுது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"சொன்னா மொதப் பக்கத்துல எம்பேரு இருக்காது."

"இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ஊர்ல என்ன சொல்லுவான்?"

"ஊர்ல உங்க பேச்சை எவன் முழுசா நம்புறான்? அது ஒண்ணுதான் நம்புது."

இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

கார்த்திகை 2, செவ்வாய்

மங்களேஸ்வரி சேந்தன்வலசைக்குப் போய் மலைராசுவைப் பார்த்துவிட்டு வந்தாள். எண்பது வயதாகிறது அவனுக்கு. சண்டை போடுவான் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சொன்னான்?"

"பாவம் மாமா. நோட்டை மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'நான் அளந்ததாத்தான் ஞாபகம் தாயி, ஆனா வழிவிட்டான் ஒருநாளும் விடாதவன், அவன் எழுதுனது வேறன்னா நான்தான் எங்கேயோ பிசகியிருப்பேன்'னாரு. அவர் கணக்கு நம்புறதுக்கு இல்லைன்னு ஒரு வரி எழுதணும். எழுதவே மனசு வரல."

"எப்ப எழுதணும்?"

"இந்த மாசக் கடைசியில கொடுத்துரணும்."

மழை இல்லை. பூச்சியம்.

கார்த்திகை 11, வியாழன்

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. வீட்டில் பதினோரு இடத்தில் ஒழுகுகிறது, ஒன்பது பாத்திரம்தான் இருக்கிறது. காய்ந்த நெல்லெல்லாம் இனி அழுகும்.

கார்த்திகை 12, வெள்ளி

மழை விட்டுவிட்டது. காலை எட்டரை மணிக்கு நானும் மங்களேஸ்வரியும் கணுக்கால் தண்ணீரில் கொல்லைக்குப் போனோம். மழைமானி நிறைந்து கிடந்தது. அளவுக் குடுவையில் ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். நான் ஊற்ற ஊற்ற அவள் எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

ஆறாவது குடுவையைக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னேன். "அந்த வருசமும் இப்படித்தான் பெஞ்சது ஆத்தா."

"எந்த வருசம்?"

"உங்கம்மா போன வருசம். ஒரு மாசம் காஞ்சு கிடந்துட்டு, கார்த்திகை இருபதுல ஒரே நாள்ல கொட்டுச்சு. கண்மாய்க் கரை உடைஞ்சுச்சு. மலைராசு எழுதுனதுதான் சரி."

"உங்க நோட்டுல..."

"அளந்து எழுதல. நான் ஊர்லயே இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "ஏழு" என்றாள். ஊற்றினேன். "எங்க இருந்தீங்க?"

"மதுரையில. உங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்துல."

"எட்டு."

அதற்குப் பிறகு நின்று நின்று சொன்னேன். அவள் அப்பா அப்போது சவூதியில் இருந்தார். அவருடைய அக்கா, அந்தப் பெரியத்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். பூரணத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் திரும்புவதாகத்தான் போனேன். மழைமானி வேலிக்குப் பூட்டுண்டு, சாவி என் அரைஞாண் கயிற்றில் கிடந்தது. மூன்றாம் நாள்தான் அது ஞாபகமே வந்தது. யாரிடமாவது கொடுத்தனுப்பினால் நான் ஊரில் இல்லை என்பது ஆபீசுக்குத் தெரிந்துவிடும். அப்போது எனக்குத் தற்காலிக வேலை, அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவார்கள். பெரியத்தையிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம் குருவம்மா, "மழை அளக்கப் போயிருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு நாள் தவிரச் சொட்டு மழையில்லாத ஊரில், நாற்பத்து மூன்று நாளும். அடக்கம் முடிந்து அன்றிரவே திரும்பி வந்துதான் நோட்டை நிரப்பினேன்.

"பூச்சியம்னே எழுதியிருக்கலாமே மாமா. எதுக்குப் பன்னெண்டு, பதினாலுன்னு?"

"அது அவளுக்குச் சொன்ன கணக்கு. புழுதியில நெல்லைப் போட்டுட்டு வந்து படுத்தவ. கண்ணு முழிச்சதும் தினம் அதைத்தான் கேப்பா, 'ஊர்ல மழையாண்ணே, எவ்வளவு?'ன்னு. இல்லன்னு சொல்ல வாய் வரல. மொத நாளு பன்னெண்டு புள்ளி நாலுன்னேன்."

"புள்ளி நாலு எதுக்கு?"

"அப்பத்தானே நம்புவா."

அவள் குடுவையை வாங்கி மீதியைத் தானே அளந்தாள். "பத்துக் குடுவை, மேல பதிமூணு. இருநூத்திப் பதிமூணு. எழுதிக்குங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். செருப்பில்லாமல் வந்து நின்றாள். "கிளம்புங்க மாமா."

பஸ் ஓடவில்லை. சேந்தன்வலசைக்கு ஐந்து மைலும் சேற்றில் நடந்தே போனோம். வரப்பு வழுக்கிய இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலைராசுவிடம் நானே சொன்னேன், உன் நோட்டு சரி, என் நோட்டுதான் பொய் என்று. கேட்டுவிட்டு அவன், "இதைச் சொல்லவாடா இந்தச் சேத்துல வந்தே? மொதல்ல ரெண்டு பேரும் காலைக் கழுவுங்க" என்றான். அவன் மருமகள் சுக்குக் காப்பி கொடுத்தாள். சோம்பேறி என்று நான் சொன்னது அவன் காதுக்கு இத்தனை வருடமாக எட்டவில்லை போலிருக்கிறது. எட்டியும் இருக்கலாம்.

கார்த்திகை 13, சனி

காலையில் மங்களேஸ்வரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அந்த நாற்பத்து மூன்று நாளும் போய்விட்டது, அந்த இடத்தில் வெறும் கோடு. "பூச்சியம்னா மழை இல்லைன்னு அர்த்தம். கோடுன்னா அளக்க ஆள் இல்லைன்னு அர்த்தம்" என்றாள். தனி அத்தியாயத்தையும் எடுத்துவிட்டாள். நாலு வார வேலை. மொதப் பக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு பதிமூன்றாவது நோட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க மாமா. ஐப்பசி பதினாலு. பன்னெண்டு புள்ளி நாலு. அம்மா என்ன சொன்னாங்க?"

"'வாய்க்கா மடையைத் தொறந்து விடச் சொல்லு'ன்னா."

எழுதிக்கொண்டாள். ஓரத்தில், பொடி எழுத்தில்.

"பதினஞ்சு. எட்டு."

"கஞ்சி வேண்டாம்னு அழிச்சாட்டியம் பண்ணுனா. மழைக்கணக்கைச் சொன்னப்புறம் அரை டம்ளர் குடிச்சா."

"பதினாறு."

பதினாறு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஏதாவது சொல்லலாம், நாக்கு நுனியில் நாலு கதை நிற்கிறது. பூரணம் உன்னைப் பற்றிக் கேட்டாள் என்று சொன்னால் பிள்ளை முகம் எப்படி மலரும். "ஞாபகம் இல்ல ஆத்தா" என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

ஐப்பசி இருபத்தொன்று அன்றைக்குப் பூரணம் நிஜமாகவே மகளைப் பற்றிக் கேட்டாள். மங்கைக்குப் பேன் பார்க்க ஆளிருக்கா என்று. அதைச் சொன்னபோது மங்களேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். குருவம்மா வந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்படியே படுத்துக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்றாள்.

இப்படி நாற்பத்து மூன்றில் இருபத்தாறு நாள் தேறியது. மீதி போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசி வரிக்கு வந்தோம்.

"கார்த்திகை இருபத்தாறு. விடியும்போதே அம்மா போயிட்டாங்களே. அன்னைக்கு யாருக்குச் சொன்ன கணக்கு இது?"

"முந்தின நாள் சாயந்தரமே கேட்டுக்கிட்டா."

"எதை?"

"ஜன்னல்ல வெயில் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தவ என் பக்கம் திரும்பிச் சிரிச்சா. அந்தத் தெத்துப்பல்லு தெரிய. 'நாளைக்கு எவ்வளவு பெய்யும்னு இப்பவே சொல்லிரு அண்ணே'ன்னா."

குருவம்மாவுக்கும் இது புதிது. நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

மங்களேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அம்மாவுக்குத் தெரியுமா, எல்லாம் நீங்களா சொல்றதுன்னு?"

"எப்பலேர்ந்து தெரியும்னு எனக்குத் தெரியல ஆத்தா. நான் கேக்கல."

"நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

"இருபத்தொண்ணுன்னேன்."

அவள் நோட்டில் அந்த எண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கம்மி மாமா" என்றாள். "இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கலாம்."